பயந்தவன்தான் விழுவானா?

திருப்பூர் மண்ணரையில், ஊத்துக்குளி ரோட்டோரத்து டீக்கடையில் போன வாரம் நின்றிருந்தேன். எதிர்க் கம்பத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். படத்தில் இருந்த பையனுக்கு இருபது வயது தாண்டியிருக்காது. போடுவதற்கு வேறு படமே கிடைக்கவில்லை போல. எந்த வண்டி அவனைக் கொன்றதோ அதே வண்டியின் மேல், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். என் பக்கத்தில் டீ டம்ளரோடு நின்ற இன்னொரு பையன் சொன்னான்: "பயந்துட்டானுங்ணா. பயந்தவந்தான் உளுவான். கை கண்ட்ரோலு இருந்தா நூத்தம்பதுல போனாலும் ஒண்ணும் ஆவாதுங்." சுற்றி நின்ற நாலைந்து பேரும் தலையாட்டினார்கள். அதில் இரண்டு பேர் காலேஜ் போகிற பையன்களைப் பெற்றவர்கள்.

அந்தப் பையன் சொன்னதைக்கூட விட்டுவிடலாம். பெரியவர்கள் தலையாட்டியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இந்த நம்பிக்கை மண்ணரையோடு நிற்பதில்லை. கோவையில், சேலத்தில், மதுரையில், எந்த ஊர் மெக்கானிக் கடையில் போய் நின்றாலும் இதே பாட்டுத்தான். வண்டியின் பவர் ஒரு பொருட்டே இல்லையாம், ஓட்டுகிறவனின் கைதான் எல்லாமாம். விழுந்தவனுக்கு ஓட்டத் தெரியவில்லை, நமக்குத் தெரியும். செத்தவன் ஒவ்வொருவனும் சாவதற்கு முந்தின நிமிஷம் வரைக்கும் இதைத்தான் நம்பிக்கொண்டிருந்தான்.

கண்ட்ரோல் என்றால் என்னவென்று பார்ப்போம். 2020 ஜூலை 19, ஸ்பெயினில் ஜெரெஸ் பந்தயத் தடம். ஓட்டியவர் மார்க் மார்க்கெஸ். அன்றைக்கு அவர் கணக்கில் எட்டு உலகப் பட்டங்கள், அதில் ஆறு மோட்டோ ஜிபி என்கிற உச்சப் பிரிவில் வாங்கியவை. வண்டி சாய்ந்து கீழே போன பிறகும் முழங்கையையும் முழங்காலையும் தரையில் ஊன்றி நிமிர்த்திவிடுகிற மனிதர் அவர். அன்றும் பந்தயத்தின் ஆரம்பத்தில் வண்டி கைமீறித் தடத்தைவிட்டு வெளியே போனது. விழாமல் காப்பாற்றினார். பின்னால் போய்விட்ட இடத்திலிருந்து ஒவ்வொருவராக முந்திக்கொண்டு மூன்றாம் இடத்துக்கு வந்தார். இன்னும் சில சுற்றுகளே பாக்கி. அப்போது பின் டயர் ஒரு கணம் வழுக்கிச் சட்டென்று மறுபடி தரையைப் பிடித்தது. அவ்வளவுதான், வண்டி ஆளைத் தூக்கி மேலே எறிந்துவிட்டது. உருண்டு வந்த சக்கரம் மோதி வலது மேற்கை எலும்பு முறிந்தது.

அடுத்த வாரமே ஓட்ட வந்தார், முடியவில்லை. எலும்பில் வைத்த தகடு வீட்டுக் கதவைத் திறக்கும்போது சேதமாயிற்று. இரண்டு வருஷத்துக்குள் நான்கு அறுவை சிகிச்சை. நான்காவது 2022 ஜூனில், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில். மறுபடி ஒரு உலகப் பட்டம் வாங்க 2025 ஆயிற்று. இத்தனைக்கும் அவர் உடம்பில் காற்றுப்பை வைத்த உடுப்பு இருந்தது, மோட்டோ ஜிபியில் 2018 முதல் அது கட்டாயம். தடத்தில் எதிரே வண்டி வராது. விழுந்தால் சறுக்கிப்போக ஜல்லி கொட்டிய வெளி இருக்கும். நிமிஷத்தில் டாக்டர் வந்து நிற்பார்.

மார்க்கெஸுக்கு இல்லாத கண்ட்ரோலா உனக்கு இருக்கிறது தம்பி?

வேகத்தில் கிடைக்கிற கிக் பொய்யென்று நான் சொல்ல வரவில்லை. செங்கப்பள்ளியில் ஆறுவழிச்சாலை ஏறி, முன்னால் ரோடு காலியாகக் கிடக்கும்போது ஆக்சிலேட்டரைத் திருகினால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். அடிவயிறு காலியாகும். வண்டி நம்மைப் பின்னால் விட்டுவிட்டுத் தான் மட்டும் ஓடப் பார்க்கும், கை இரண்டும் நீண்டு ஹாண்டில்பாரில் தொங்கும். நூறைத் தாண்டினால் கண்ணாடி அதிர்ந்து பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்று தெரியாது. ஓரத்துக் கடைகள் கரைந்துபோய் நடு ரோடு மட்டும் ஒரு துளையாகத் தெரியும். காற்று ஹெல்மெட்டைப் பிடித்துத் தலையைப் பின்னால் இழுக்கும். அப்போது முதுகுத்தண்டில் ஜில்லென்று ஒன்று ஏறும். அதுதான் பயம். இத்தனை வேகத்தை இந்த எலும்பும் சதையும் தாங்காது என்று உடம்பு கணக்குப் போட்டுச் சொல்கிற நேரம் அது. அந்த நேரத்தில் காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லிக் கொடுப்பதற்குப் பெயர் தைரியமாம்!

அந்த உடம்பின் கணக்கைக் காகிதத்திலும் போட்டுப் பார்க்கலாம். அறுபதில் போகிற வண்டி நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஆபத்தைப் பார்த்து, புரிந்து, பிரேக்கில் விரல் வைக்க ஒன்றரை நொடி என்று வைத்தால் அதிலேயே 25 மீட்டர் போயிற்று. பிறகு நல்ல டயர், காய்ந்த தார் என்றால் நிற்க இன்னொரு 20 மீட்டர் வேண்டும். நூற்றிருபதில் போனால் விரல் பிரேக்கைத் தொடுவதற்குள் 50 மீட்டர். நிற்பதற்கு இன்னும் 80. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் போட்டு நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். இது கைக்குக் கட்டுப்படுகிற விஷயமில்லை, பூமிக்கும் ரப்பருக்கும் இடையிலான பேரம். ஒரு டயர் தரையைத் தொடுவது உள்ளங்கை அளவு இடத்தில்தான். எவ்வளவு பெரிய ஓட்டுநரானாலும் அவர் கையில் இருப்பது அந்த இரண்டு உள்ளங்கை ரப்பர்தான். மார்க்கெஸை ஜெரெஸில் கைவிட்டதும் அதுதான்.

அடுத்து இந்த வண்டிகளின் பவர். டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100-ல் நான்கு குதிரைத் திறனும் கொஞ்சமும். ஒரு காலத்தில் ஊரே வாய் பிளந்து பார்த்த யமஹா ஆர்.எக்ஸ். 100-ல் 11. 2012-ல் டியூக் 200 வந்தபோது 25. இப்போதைய டியூக் 390-ல் 45. முதல் மூன்று கியருக்குள் நம் ஊர் ரோடு எதிலும் போகக்கூடாத வேகத்தை அது தொட்டுவிடும். இதைப் பதினெட்டு வயதுப் பையனிடம், முன்பணம் கட்டிய அன்றே, சாவிக்கொத்தில் ரிப்பன் கட்டிக் கேக் வெட்டிக் கொடுக்கிறார்கள்.

பனியன் கம்பெனியில் நேற்று வந்தவனை யாராவது ஓவர்லாக் மெஷினில் உட்கார வைக்கிறோமா? நிமிஷத்துக்கு ஐயாயிரம் தையல் போடுகிற மெஷின், விரல் சிக்கினால் ஊசி நகத்தைத் துளைத்து மறுபக்கம் வரும். அதனால் முதலில் கைமடி. பல மாதம் டெய்லர் பக்கத்தில் நின்று பீஸ் எடுத்துக் கொடுத்து, மெஷின் ஓடாத நேரத்தில் வேஸ்ட் துணியில் ஓட்டிப் பழகி, அப்புறம்தான் பெடலில் கால். ஒரு விரலுக்கு இவ்வளவு யோசிக்கிற ஊர் முழு ஆளுக்கு ஏன் யோசிக்க மாட்டேனென்கிறது?

சட்டமும் யோசிக்கவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் 100 சிசி வண்டியில் எட்டுப் போட்டுக் காட்டினால் போதும். அதே லைசென்ஸில் மறுநாள் 1,340 சிசி ஹயபுசாவை எடுத்துக்கொண்டு போகலாம், யாரும் கேட்க முடியாது. நம் ஆட்கள் வேலைக்குப் போகிற சிங்கப்பூரில் அப்படிப் போக முடியாது. முதல் லைசென்ஸில் 200 சிசி வரைக்கும்தான். ஒரு வருஷம் ஓட்டி, மறுபடி பயிற்சியும் தேர்வும் முடித்தால் 400 வரை. இன்னொரு வருஷம் கழித்துத்தான் பெரிய வண்டி. ஐரோப்பாவில் பதினெட்டு வயதுக்காரனுக்கு 35 கிலோவாட், அதாவது சுமார் 47 குதிரைத் திறன் என்று எல்லை கட்டியிருக்கிறார்கள். அங்கே உள்ளவர்களுக்கெல்லாம் கையில் கண்ட்ரோல் இல்லையா? மார்க்கெஸ் பிறந்த ஸ்பெயினிலும் இதே எல்லைதான்.

அவர்கள் ரோட்டுக்கே இப்படியென்றால் நம் ரோட்டுக்கு? குழாய் பதிக்கத் தோண்டி மண்ணை மட்டும் தள்ளி மூடிய பள்ளம். வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடை, பகலிலேயே கண்ணுக்குத் தெரியாது. ராங் சைடில் வருகிற மினி டெம்போ. ஏர் ஹாரன் அடித்துக்கொண்டு டைமிங்குக்குப் பறக்கிற தனியார் பஸ். இது போதாதென்று ஷிப்ட். ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவில் கம்பெனி விடும்போது ரோடு நிறைய ஆட்கள் நடந்து போகிறார்கள். பாதிப் பேர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள், போனில் வீட்டோடு பேசிக்கொண்டே நடப்பார்கள். பகல் முழுக்க நின்று வேலை பார்த்த கண்ணோடு ஒருவன் 390-ஐ முறுக்கிக்கொண்டு அவர்களுக்கு நடுவே போகிறான். இவனுக்குக் கண்ட்ரோல் இருக்கிறது சரி, குறுக்கே வருகிறவனுக்கு என்ன இருக்கிறது? இவனுக்காவது அஞ்சலி ஃப்ளெக்ஸ் வைக்க நண்பர்கள் உண்டு. அவனுக்கு ஒரு ஆம்புலன்ஸும் நீண்ட ரயில் பயணமும்தான்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு சைலன்சரை மாற்றுகிறவர்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். சத்தம் அதிகமானால் பவர் அதிகம் என்று யார் இவர்களிடம் சொன்னது? கைக்குழந்தை தூங்குகிற வீடு, தறி ஓட்டிவிட்டு வந்து படுத்தவர் வீடு, எதுவும் கணக்கில்லை. நம்பர் பிளேட்டை மடக்கி உள்ளே செருகுவது இன்னொரு வீரம். பிடிபட்டால் வார்டுக்காரர் போன் போட்டு எடுத்துவிடுவார். ஹெல்மெட் இருக்கிறது, முழங்கையில் மாட்டியிருக்கிறது!

இவர்களுக்கு ஒரு ஆதர்சம் வேண்டுமே. நம் கோவைப் பக்கத்து யூடியூபர் டி.டி.எஃப். வாசன் பின்னால் லட்சக்கணக்கான பிள்ளைகள் போனார்கள். 2023 செப்டம்பர் 17 அன்று காஞ்சிபுரம் அருகே தாமலில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், முன் சக்கரத்தைத் தூக்கப்போய் விழுந்தார். கை முறிந்தது, கைதானார், லைசென்ஸ் பத்து வருஷத்துக்கு முடக்கப்பட்டது. ஜாமீன் கேட்டுப் போனபோது, வண்டியை எரித்துவிடலாமே என்கிற அளவுக்கு உயர் நீதிமன்றம் கோபப்பட்டது. அதற்கு நான்கு மாதம் முன்னால், மே 3 அன்று, யமுனா விரைவுச்சாலையில் 300-ஐத் தொடப்போன வட இந்திய யூடியூபர் ஒருவர் அங்கேயே இறந்தார். இரண்டு பேருக்கும் பல வருஷப் பழக்கம், இரண்டு பேருமே அடுத்தவருக்கு ஓட்டிக் காட்டியவர்கள். ஓட்டத் தெரியாதவன்தான் விழுவான் என்கிறவர்கள் இவர்களை எங்கே வைப்பார்கள்?

வைப்பதற்கு ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கும்வரை கண்ட்ரோல், செத்துப்போனால் விதி. "நேரம் சரியில்லைங்", "கண்ணு பட்டுருச்சுங்", "குறுக்க நாய் வந்துருச்சுங்". நூற்றிருபதில் போனவன் முன்னால் நாய் வந்தால் நாய் குற்றவாளி. புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று, கோயிலில் பூஜை போட்டாயிற்று, அப்புறம் வேகத்தைக் குறைப்பதற்கு என்ன இருக்கிறது! மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கை விதியைக் கணக்கெடுப்பதில்லை. 2022-ல் இந்திய ரோடுகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். மொத்தச் சாவில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் அதிவேகத்தால் நடந்தவை. அந்த வருஷம் தமிழ்நாட்டில் மட்டும் 17,884 உயிர். பயந்ததால் செத்தவர் இத்தனை பேர் என்று ஒரு கட்டமும் அந்த அறிக்கையில் கிடையாது.

பந்தய வேகம்தான் வேண்டுமென்றால் அதற்கும் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே போகிறவர்கள் லெதர் உடுப்பு, முழு ஹெல்மெட், பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஆம்புலன்ஸ் நிற்கும்போது ஓட்டுகிறார்கள். முதல் நாளிலேயே பயப்படச் சொல்லிக் கொடுக்கிறார்கள். வளைவுக்கு எவ்வளவு முன்னால் பிரேக் பிடிப்பது என்கிற பாடம் முழுக்கப் பயத்தின் பாடம்தான். மார்க்கெஸே அதைத் தாண்டிப்போன ஒரு மதியம் நான்கு அறுவை சிகிச்சையில் முடிந்தது.

அரசாங்கம் சிங்கப்பூர் மாதிரி லைசென்ஸைப் படிப்படியாக்க வேண்டும். அது வருகிறபோது வரட்டும். அதுவரை பையனைப் பெற்றவர்களிடம்தான் கேட்க முடியும். ஜாப் ஒர்க் பணம் வந்திருக்கும், பையன் பிளஸ் டூ பாஸ் பண்ணியிருப்பான், கடன் தருகிறேன் என்று ஃபைனான்ஸ்காரர் வீட்டுக்கே வந்து நிற்பார். வாங்கிக் கொடுக்காதீர்கள். 100 சிசி வண்டி போதும், கம்பெனிக்கும் காலேஜுக்கும் அது நேரத்தோடு போய்ச் சேரும். சாப்பிடாமல் கிடந்தால் கிடக்கட்டும், நாலு நாள் பேசாமல் இருந்தால் இருக்கட்டும். அடுத்த முறை டீக்கடையில் எவனாவது பயந்தவன்தான் விழுவான் என்றால் தலையாட்டாதீர்கள். பக்கத்தில் உங்கள் பையன் நின்று கேட்டுக்கொண்டிருப்பான்.