சுவர் எழுப்பியவனை யாரும் கேட்பதில்லை

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். ஞானஸ்நானம், புதுநன்மை, உறுதிப்பூசுதல் எல்லாம் பெற்றவன். இன்று இஸ்லாமியன். "எவ்வளவு கொடுத்தார்கள்?" என்று கேட்கிறார்கள். காவிகள் மட்டுமல்ல, பூசைக்குத் தவறாமல் போகிறவர்களும் கேட்கிறார்கள். முற்போக்குத் தோழர்கள் சிலர் அதையே நாசூக்காகக் கேட்கிறார்கள்.

தலித் மதம் மாறினால் பின்னால் பணமோ, பெண்ணோ, பிரியாணியோ இருக்க வேண்டுமாம். யோசித்து முடிவெடுக்கும் மூளை அவனுக்கு இருக்காது என்ற சாதித்திமிர்தான் இந்தக் கேள்வி. 1981இல் மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான தலித் மக்கள் இஸ்லாத்தைத் தழுவியபோதும் "வளைகுடாப் பணம்" என்றுதான் கூவினார்கள். அவர்களைத் துரத்திய சாதிக்கொடுமையைப் பற்றி மூச்சு விடவில்லை.

எங்கள் ஊரில் மாதா தேர் எங்கள் தெருவுக்குள் வராது. என் அப்பா இறந்தபோது கோயிலின் தூம்பாவைத் தர மறுத்தார்கள். வாடகைக்குப் பாடை கட்டிச் சுமந்தோம். பங்குத்தந்தை, "ஊர் வழக்கம்" என்றார். கல்லறையிலும் எங்களுக்குத் தனி மூலை.

இது ஓர் ஊரின் கதையல்ல. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் பிணங்களைப் பிரித்துச் சுவர் நின்றதை நாடே அறியும். எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப்பங்கு கேட்டதால் வெடித்த மோதல், 2008 மார்ச்சில் துப்பாக்கிச்சூட்டில் போய் முடிந்தது, இருவர் செத்தார்கள். பார்ப்பனர் மதம் மாறினாலும் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என்று 1623லேயே ரோமில் அனுமதி கிடைத்துவிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை 2016இல் ஆயர் பேரவையே கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டால் போதுமா? சுவரை இடிப்பது யார்?

"சலுகைக்காக மாறினாயா?" என்பது அடுத்த கேள்வி. எந்தச் சலுகை? 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத தலித்தைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியே தள்ளியது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவரும் இஸ்லாமியரும் இன்றும் வெளியேதான். மதம் மாறினால் சாதி போய்விட்டது என்கிறது சட்டம். தூம்பா தராதவனுக்கு அந்தச் சட்டம் தெரியாதா?

"மதமே வேண்டாம் என்று வந்திருக்கலாமே" என்கிறார்கள் தோழர்கள். கடவுள் இல்லை என்ற பெரியார்தான், தீண்டாமை இழிவிலிருந்து தப்ப இஸ்லாத்துக்குப் போங்கள் என்று தாழ்த்தப்பட்ட மக்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். நாத்திகனாகிவிட்டால் என் தெருவின் பெயர் மாறிவிடுமா? எனக்கு நம்பிக்கையும் வேண்டும், பக்கத்தில் நிற்கத் தோளும் வேண்டும்.

இஸ்லாமியரிடையே சாதி இல்லையா? ராவுத்தர், மரைக்காயர், லெப்பை என்று பெண் கொடுக்க, எடுக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அதையும் எதிர்ப்பேன், உள்ளே நின்றே எதிர்ப்பேன். ஆனால் நான் தொழும் பள்ளிவாசலில் முதலில் வந்தவன் முதல் வரிசையில் நிற்கிறான். என்னைப் பின்னால் போகச் சொல்ல ஒருவனும் இல்லை. மையவாடியில் எனக்கென்று தனி மூலையும் இல்லை.

தோழர்களே, வெளியேறியவனிடம் விளக்கம் கேட்பதை நிறுத்துங்கள். மதத்தைக் காட்டித் தலித்தைப் பட்டியலிலிருந்து தள்ளும் 1950 ஆணையின் மூன்றாம் பத்தியை நீக்கக் குரல் கொடுங்கள். கல்லறையில் சுவர் எழுப்பியவனிடம் போய்க் கேளுங்கள்: உனக்கு எவ்வளவு கொடுத்தார்கள்?