கோழிக்கு என்ன தெரியும்?

நான் முட்டை தின்கிறவன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், "இவனும் ஜீவகாருண்யம் பேசக் கிளம்பிவிட்டான்" என்று பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். மீதிப் பேர் என்னைத் தங்கள் பஜனை கோஷ்டியில் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டும் எனக்கு வேண்டாம்.

சென்ற தை மாதம் நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்குப் போயிருந்தேன். பண்ணைக்காரர் நல்ல மனிதர். எதையும் மறைக்காமல் சுற்றிக் காட்டினார். நீளமான கொட்டகை, உள்ளே படிக்கட்டுப்போல் அடுக்கடுக்காகக் கம்பிக் கூண்டுகள். ஒரு கூண்டு ஒன்றேகால் அடி அகலம், ஓர் அடி ஆழம் இருக்கும். அதற்குள் மூன்று கோழிகள். நான் கதை எழுதுகிற ஏ4 தாளில் முக்கால் பங்கு இடம்கூட ஒரு கோழிக்கு இல்லை. சிறகை விரிக்க முடியாது. அடித்தளமும் கம்பிதான், சரிவாக வைத்திருக்கிறார்கள். இட்ட முட்டை உருண்டு முன்பக்கம் வந்து நின்றுவிடுகிறது. குஞ்சாக இருந்தபோதே அலகின் நுனியைச் சுட்ட தகட்டால் வெட்டியிருக்கிறார்கள், நெருக்கத்தில் ஒன்றையொன்று கொத்திக் குதறாமல் இருக்க. பொழுது சாய்ந்த பிறகும் விளக்கு எரிகிறது. வெளிச்சம் நீண்டால் முட்டை கூடும். வருஷத்துக்கு முந்நூறு வரை. அத்தனை ஓட்டுக்கும் சுண்ணாம்புச் சத்து எங்கிருந்து வரும்? தீனியிலிருந்து கொஞ்சம், எலும்பிலிருந்து கொஞ்சம். நடமாட்டமே இல்லாத அந்த எலும்பு, பிடித்துத் தூக்கினால் முறிகிறது. ஒன்றரை வருஷத்தில் கறிக்கு லாரி ஏறிவிடும். இவற்றோடு பிறந்த சேவல் குஞ்சுகளோ பொரித்த அன்றே தீர்ந்துவிட்டன. அவை முட்டையிடாது, கறிக்கும் லாபமில்லை.

"பாவமாக இல்லையா?" என்றேன்.

"கோழிக்கு என்னங்க தெரியும்? தீனி, தண்ணி, மருந்து எல்லாம் நேரத்துக்குக் கெடைக்குது. உங்களுக்கு அப்பிடிக் கெடைக்குதுங்களா?" என்றார்.

வாஸ்தவம், எனக்குக் கிடைப்பதில்லை. ஆனால் மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டபோது, அவர் வீட்டு முற்றத்தில் நாலைந்து நாட்டுக்கோழிகள் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன. ஒன்று மண்ணில் குழி பறித்து, சிறகைப் பரப்பிப் புரண்டது. "வீட்டுக்கு இதுங்க முட்டைதானுங்க" என்றார். கோழிக்கு என்ன தெரியும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. மக்காச்சோளமும் சோயாவும் விலையேறினால் அவர் தலையில் விடிகிறது. முட்டை விலையைத் தனியாக அவரால் ஏற்ற முடியாது. என் கோபமெல்லாம், இதைப் பற்றி வாயைத் திறந்தால், "ஏழைக் குழந்தைகளின் முட்டையில் மண்ணைப் போடாதீர்" என்று சீறுகிறவர்கள் மேல்தான். சத்துணவில் 1989ல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக வந்த முட்டை, 2010ல் வாரம் ஐந்தாயிற்று. அது மகத்தான காரியம். அதில் ஒரு முட்டை குறைந்தாலும் நான் எதிர்ப்பேன். மத்தியப் பிரதேசத்தில் 2015ல் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை கொடுக்கலாம் என்ற யோசனையை முதலமைச்சரே நிராகரித்தார். பிள்ளை வயிற்றில் அடிக்கும் அந்தத் தயையோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஆனால் ஆம்லெட்டும் கேக்கும் தின்கிற நாம், மலிவு வேண்டும் என்பதற்குச் சத்துணவுக் குழந்தையின் தட்டைக் கேடயமாகப் பிடிக்கலாமா? அந்தக் குழந்தையா கூண்டைக் கட்டச் சொன்னது?

சட்டம் வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. சட்டம் இருக்கிறது. ராஜ்ய சபையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த மசோதா வழிவகுத்து, 1960ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அசைந்து நடமாட நியாயமான நீள அகல உயரம் இல்லாத கூண்டில் ஒரு பிராணியை அடைப்பது குற்றம் என்று 11வது பிரிவு சொல்கிறது. முதல் தடவை அகப்பட்டால் அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல். இன்றைக்கு ஐம்பது ரூபாய்க்கு ஒரு டஜன் முட்டை வராது. 2017ல் சட்டக் கமிஷனும் இந்தக் கோழிகளைப் பற்றித் தன் 269வது அறிக்கையைக் கொடுத்துப் பார்த்தது. கூண்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

ஒரே நாளில் கூண்டைத் திறந்தால் பண்ணைக்காரர் கடனில் மூழ்குவார் என்கிறார்கள். ஒரே நாளில் திறக்க யார் சொன்னது? ஐரோப்பியர்கள் 1999ல் சட்டம் போட்டு, 2012 வரை தவணை கொடுத்து, பழைய மாதிரிக் கூண்டுகளை ஒழித்தார்கள். அங்கேயும் எல்லாக் கோழியும் வெளியே வந்துவிடவில்லை. கொஞ்சம் பெரிய கூண்டுகள் இன்னும் இருக்கின்றன. ஆனாலும் தவணை என்று ஒன்று இருந்தது. 

நம் சர்க்காரைப்போல் முட்டை வாங்குகிற வாடிக்கைக்காரர் வேறு யார்? டெண்டரில் முட்டையின் எடை இத்தனை கிராம் என்று கேட்கத் தெரிகிறது. கோழி நிற்கும் இடம் இத்தனை என்று இன்னொரு வரி சேர்க்கட்டும். முதல் வருஷம் பத்தில் ஒரு பங்கு முட்டைக்கு மட்டும் சேர்க்கட்டும். கூடுதல் விலையைக் குழந்தையிடமும் கேட்க வேண்டாம், பண்ணைக்காரர் தலையிலும் கட்ட வேண்டாம். கடையில் முட்டை வாங்குகிற என்னிடம் வரியாகக் கேட்கட்டும், தருகிறேன்.