மடியில் கனம்

காந்திகிராமம் நிறுத்தத்தில் திண்டுக்கல் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது காதில் விழுந்தது. "நிச்சயம் முடிஞ்ச மறுநாளே இன்ஸ்டா பாஸ்வேர்டு கேட்டாருடி. குடுத்துட்டேன். மடியில கனம் இருந்தாத்தான வழியில பயம்?" தோழி தலையாட்டினாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

அந்தப் பழமொழியை நாம் தலைகீழாகப் பிடித்து வைத்திருக்கிறோம். மடியில் இருப்பது வழிப்போக்கனின் சொந்தக் காசு. அவன் பயப்படுவது வழிப்பறிக்காரனுக்கு. பயந்தவனைக் குற்றவாளி என்றும், மடியைத் தடவிப் பார்ப்பவனை யோக்கியன் என்றும் எப்போது மாற்றினோம்? பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் போய், வீட்டைப் பூட்டுகிறவனெல்லாம் எதையோ ஒளிக்கிறான் என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். செல்போன் என்றதும் அதே ஊர் வேறு நியாயம் பேசுகிறது.

போனைக் காட்டிவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடுமாம். சந்தேகப் பிராணியின் கையில் போன் யாரையும் விடுதலை செய்ததில்லை. உரையாடல் இருந்தால், "யார் இவன்?" இல்லாவிட்டால், "எதை அழிச்ச?" இரவு பதினொன்றரைக்கு ஆன்லைனில் இருந்தால் தப்பு, லாஸ்ட் சீனை மறைத்தால் அதைவிடத் தப்பு. வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை ஒரே தடவையில் எட்டு மணி நேரத்துக்குப் போடலாம். தினமும் அப்படிப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிற ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். நேரம் முடிந்து, மறுபடி போட மறந்த நாளில்தான் சண்டை. (தினமும் இப்படிப் போட்டுவிட்டுப் போகிற ஆணை நான் இன்னும் சந்திக்கவில்லை.) அவள் போனுக்குள் அவள் மட்டுமா இருக்கிறாள்? தோழியின் கருச்சிதைவு இருக்கிறது, தம்பியின் கடன் இருக்கிறது. அவர்களிடம் யார் அனுமதி கேட்டது?

ஏமாற்றுகிறவர்களே இல்லையா? இருக்கிறார்கள். இன்னொரு சிம்மும் இன்னொரு கணக்கும் வைத்திருப்பவன்தான் கேட்டதும் தயங்காமல் போனை நீட்டுவான்.

மனைவியின் அழைப்புப் பட்டியலைத் திருட்டுத்தனமாக எடுத்துவந்த ஒரு கணவரின் ஆதாரத்தை 2024-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஏற்க மறுத்தது. தம்பதிக்குள்ளும் அந்தரங்க உரிமை உண்டு என்றது. வேறொரு வழக்கில், துணைக்குத் தெரியாமல் பதிவு செய்த பேச்சு விவாகரத்து வழக்கில் ஆதாரமாகலாம் என்று 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அதே தீர்ப்பு, ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் நிலை வந்ததே உறவு முறிந்ததன் அறிகுறி என்றும் சொல்கிறது. விவாகரத்துக்குத் தேவைப்படுவதை நாம் நிச்சயதார்த்தத்திலேயே சேகரிக்க ஆரம்பிக்கிறோம்.

2022-இல் வந்த 'லவ் டுடே' படத்தில் பெண்ணின் அப்பாவாக வரும் சத்யராஜ், காதலர்களை ஒரு நாள் போனை மாற்றிக்கொள்ளச் சொல்வார். அந்த ஒரு நாள் இருவரையும் படுத்திய பாடுதான் படம். பார்த்தவர்களில் பலர் அவர்கள் பட்ட பாட்டை மறந்துவிட்டு, பரீட்சையை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

நான் பஸ்ஸுக்கு நின்ற அதே மண்ணில் வேறொரு பரீட்சையின் கதை உண்டு. டி.வி.எஸ். நிறுவனர் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் டாக்டர் சௌந்தரம், இளவயதில் கணவரை இழந்தவர். காந்தியின் சீடரான ஜி. ராமச்சந்திரனை மணக்க விரும்பினார், பெற்றோர் சம்மதிக்கவில்லை. ஓராண்டு தொடர்பில்லாமல் பிரிந்திருங்கள், அதன் பிறகும் மனம் மாறாவிட்டால் மணந்துகொள்ளுங்கள் என்றார் காந்தி. அவர்கள் பிரிந்திருந்தார்கள். ஒருவர் என்ன செய்கிறார் என்று மற்றவர் எட்டிப் பார்க்க வழியே இல்லாத பரீட்சை அது. 1940-இல் காந்தியின் முன்னிலையில் கல்யாணம். ஏழு வருடம் கழித்து அந்த இருவரும் சேர்ந்து தொடங்கிய கிராமப்பணி நிறுவனம்தான் காந்திகிராமம்.

பஸ் வந்தது. அந்தப் பெண் ஏறி உட்காருவதற்குள் போன் அடித்தது. "பஸ்லதாங்க இருக்கேன்" என்றாள். பிறகு கேமராவைத் திருப்பி, ஒவ்வொரு சீட்டாகக் காட்டினாள். என் முகமும் போயிருக்கும்.