பத்து நிமிடக் குண்டும் 38 ஆண்டுப் பொய்யும்

அவர்கள் கேட்டதுதான் என்ன? விசாரணையின்றி மனிதரைச் சிறையில் அடைக்காதே என்றனர், அவ்வளவே. வட அயர்லாந்தின் டெரி நகரில் 1972 ஜனவரி 30ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, சிவில் உரிமைச் சங்கத்தாரின் அழைப்பை ஏற்று ஆயிரக்கணக்கான மக்கள் ஊர்வலம் சென்றனர். மறுமொழியாகக் கிடைத்தது துப்பாக்கிக் குண்டு! கத்தோலிக்கர் வாழும் பொக்சயிட் பகுதிக்குள் புகுந்த பிரித்தானியப் பரசூட் படையினர் நூற்றுக்கு மேற்பட்ட வேட்டுக்களைத் தீர்த்தனர். பத்து நிமிடத்துள் பெரும்பாலும் எல்லாம் முடிந்தது. 13 பேர் அன்றே மாண்டனர். காயமுற்ற மற்றொருவர் சில மாதங்களின் பின் இறந்தார். ஓடியவரும் சுடப்பட்டனர், வீழ்ந்தவருக்கு உதவப் போனவரும் சுடப்பட்டனர்.

அந்நகரில் ஐ.ஆர்.ஏ. ஆயுததாரிகள் இருந்ததையோ, அன்று அவர்களும் சில வேட்டுக்கள் தீர்த்ததையோ நாம் மறைக்கவில்லை. கல்லெறி நடந்ததும் உண்மையே. ஆனால் சுடப்பட்டு மடிந்தவருள் ஒருவரேனும் படையினரின் உயிருக்கு ஆபத்து விளைவித்தாரா? இல்லை என்று பிரித்தானிய அரசே அமைத்த சாவில் ஆணைக்குழு 2010 ஜூன் 15இல் அறிவித்தது. அன்றே பிரதமர் கமரன் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அதற்குச் சென்றது 38 ஆண்டு!

இடையில் நடந்ததை எம் வாசகருள் உள்ள வழக்கறிஞர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். படுகொலைக்குப் பதினொரு வாரத்தில், இங்கிலாந்தின் பிரதம நீதியரசர் விட்ஜரி பிரபு தம் அறிக்கையை முடித்துவிட்டார். சிலரது சுடுகை அசட்டைத்தனத்தை அண்டியது என்று மெல்லக் கடிந்துகொண்டார். ஊர்வலம் நடத்தியிராவிடில் சாவு நேர்ந்திராது என்று பழியை மக்கள் தலையில் சுமத்தினார். வேலி பயிரை மேய்ந்தது. பயிர் ஏன் முளைத்தது என்று கேட்டார் நீதியரசர்! அப்படையணியின் கட்டளைத் தளபதிக்கோ அவ்வாண்டிலேயே அரசியாரின் விருது கிடைத்தது.

இந்தப் பொய்யின் விலையை அத்தீவு முழுவதும் செலுத்தியது. நியாயம் கிடைக்காதென்று கண்ட இளைஞர் ஐ.ஆர்.ஏ.யை நாடினர். அந்நாட்டுப் பூசலின் முப்பதாண்டுகளுள் மிகக் கூடுதலானோர் மடிந்தது 1972லேயே. சட்டத்தைக் காக்கவென்று சுட்டவர் எதைக் காத்தனர்?

சாவில் ஆணைக்குழு உண்மையைச் சொன்னபின் குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டனரா? பெயர் மறைத்து ‘எப்’ என்ற எழுத்தால் மட்டும் குறிக்கப்பட்ட ஒரேயொரு முன்னாள் படைவீரரே வழக்கை எதிர்கொண்டார். 2025 ஒக்ரோபரில் பெல்பாஸ்ற் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. தப்பியோடிய நிராயுதபாணிகளை முதுகில் சுட்டவர்கள் இராணுவ ஒழுக்கத்தை முற்றாக இழந்தவர்கள் என்று சொன்ன அதே நீதிபதி, குற்றத்தை நிரூபிக்கச் சாட்சியம் போதாது என்றும் சொல்ல நேர்ந்தது. அரச தரப்பு நம்பியிருந்த சாட்சியம் எது? 1972இல் சக படைவீரர் கொடுத்த வாக்குமூலங்கள். அவற்றை எழுதியெடுத்தவர் நகரப் பொலிசாரா? அல்லர், படையினரின் சொந்த இராணுவப் பொலிசார்!