பலகைத் தளமும் வெள்ளிக்கிழமைத் தண்ணீரும்

வீட்டைத் துப்புரவாக வைத்திருத்தல் நம்மவர்க்கு ஒரு விரதம் போன்றது. வெள்ளிக்கிழமை புலர்ந்தும் கழுவப்படாத வீட்டைக் காண்பதரிது. வாளி வாளியாக நீர் வார்த்து, தும்புத்தடியால் உரைஞ்சித் தள்ளி, ஈரம் காயுமுன் விளக்கேற்றும் இவ்வழக்கம் சீமெந்துத் தரைக்கும் தரையோட்டிற்கும் மிகப் பொருந்தும். தரை மரத்தாலானதாயின், அதே வழக்கம் அதற்கு நஞ்சாய் முடிகின்றது. இதனை இவ்வாரம் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம்.

பலகைத் தளமுள்ள வீடுகள் நம் நாட்டில் முற்றாக மறைந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்துப் பழைய மாடிவீடுகள் சிலவற்றிலும், மலைநாட்டுத் தோட்டப் பங்களாக்களிலும், காலி, கொழும்பு முதலிய நகரங்களின் பழைய மனைகளிலும் அவை இன்னும் உள. முதிரை, பாலை, தேக்கு, பலா என வைரம் பாய்ந்த மரங்களையே முன்னோர் தேர்ந்தனர். வறண்ட காடுகளில் மெல்ல மெல்ல வளரும் முதிரை இன்று எளிதிற் கிடைக்கும் பொருளன்று. 1983 தொடக்கம் 2009 வரை நீடித்த போரின்போது கூரையும் கதவும் நிலையும் இழந்து மழையில் நனைந்து நின்ற வீடுகள் எத்தனையோ! ஆதலால், இன்று ஓரில்லத்திற் பலகைத் தளம் எஞ்சியிருக்குமாயின், அதனைத் திரும்பப் பெறுதற்கரிய முதுசொம் என்றே கொள்ளல் வேண்டும்.

நீருக்கும் மரத்துக்கும் உள்ள பகை யாது? மரம் வெட்டுண்ட பின்னரும் காற்றிலுள்ள ஈரத்தை உண்பதும் உமிழ்வதுமாகவே இருக்கின்றது. கார்த்திகை மழையிற் கதவு நிலையோடு இறுகிக்கொள்வதும், சித்திரை வெயிலில் இலேசாகத் திறப்பதும் யாவரும் அறிந்ததே. இவ்வாறு பருக்கும்போது பலகை அகலத்தில் விரியுமேயன்றி நீளத்தில் அதிகம் நீளாது. கழுவிய நீர் பலகைகளின் மூட்டுவழியே கீழிறங்குகின்றது. மேற்புறத்தில் வார்ணிஷ் உண்டு. வெயிலும் காற்றும் உண்டு. அடிப்புறத்தில் இவை யாதுமில்லை. எனவே அடிப்புறம் ஈரத்திற் பருக்க, மேற்புறம் உலர்ந்திருக்க, பலகையின் இரு விளிம்புகளும் மேலெழுந்து நடுவே தோணிபோற் குழிகின்றது. ஈரம் நிலைத்துவிடின் பூஞ்சணமும் பற்றும். நிறையில் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைந்த ஈரமுள்ள மரத்தைப் பூஞ்சணம் உளுக்கச் செய்யாது. உலர்ந்த மரம் பல தலைமுறை நிற்பதன் இரகசியம் இதுவே.

எமக்கு அறிமுகமான குடும்பமொன்றில் நிகழ்ந்ததை இங்கு கூறல் தகும். அவர்கள் வீட்டு மேல்மாடியில் முதிரைப் பலகைகள் விளிம்பு கிளம்பி நடப்போர் காலை இடறின. பிள்ளைகள் அவற்றைப் பெயர்த்தெறிந்து தரையோடு பதிக்க முடிவுசெய்தனர். வீட்டுத் தலைவியாகிய மூதாட்டியாருக்கோ அது தம் மாமனார் காலத்துத் தளம். வாய்திறந்து மறுக்கவும் மாட்டாது, மனம் ஒப்பவும் மாட்டாது இருந்தார். விலை பேச அழைக்கப்பட்ட முதிய ஓடாவியார் பலகையைத் தடவிப் பார்த்து, “அம்மா, கிழமைக்கு எத்தனை வாளி தண்ணி ஊத்திறனீங்கள்?” என்று வினவினார். “அஞ்சாறு வரும்” என்பது விடை. “ஒரு சோழகம் பொறுங்கோ, அதுவரை ஒரு சொட்டுத் தண்ணியும் வேண்டாம்” என்று சொல்லி, கீழறையில் அழகுக்காகப் பிற்காலத்தில் அடித்திருந்த மேல்மறைப்பையும் அங்கங்கே திறந்து காற்றுப் புகவிட்டார். உடனே சீவி மட்டமாக்கலாமே எனப் பிள்ளைகள் கேட்டபோது அவர் இசையவில்லை. ஈரப் பலகையின் விளிம்பைச் சீவிவிட்டால், அது உலர்ந்தபின் நடுவிலே முதுகு தள்ளும் என்பதை அவர் அறிவார். சோழகம் வீசி ஓய்ந்தபோது பெரும்பாலான பலகைகள் தாமே படிந்துவிட்டன. குளியலறைப் பக்கத்தில் மூன்றை மாத்திரம் மாற்ற நேர்ந்தது. மூதாட்டியார் அத்தளத்தில் இன்றும் நடமாடுகின்றார்.

இனி, நாளாந்தப் பராமரிப்புக்கு வருவோம். பலகைக்கு நீருக்கு அடுத்த பகை மணல். செருப்பின் கீழ் அகப்படும் ஒவ்வொரு மணலும் அரத்தாள் போல வார்ணிஷைத் தேய்க்கும். ஆகவே நாள்தோறும் மெல்லிய துடைப்பத்தாற் பெருக்குக. ஈர்க்கு விளக்குமாறு முற்றத்துக்கே உரியது. வாயிலில் தும்புக் கால்மிதி ஒன்று கிடக்கட்டும். துடைக்க வேண்டுமாயின், துணியை நனைத்து, இனி ஒரு துளியும் வடியாது என்னுமளவுக்குப் பிழிந்து, மரத்தின் இரேகை ஓடும் வழியே துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுக. நீராவியாற் சுத்தஞ்செய்யும் கருவிகளைப் பலகைக்கு ஆகாதனவென்றே விலக்குக. தளபாடங்களை இழுக்காது தூக்கி வைத்து, அவற்றின் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்டுவதும் நன்று.

மினுக்கம் வேண்டித் தேங்காயெண்ணெய் பூசுவார் சிலர். அவ்வெண்ணெய் காய்ந்து இறுகும் இயல்பற்றது. பிசுபிசுத்துத் தூசியைச் சேர்த்து, நாளடைவிற் சிக்கு நாற்றமும் தரும். தேன்மெழுகை டேர்ப்பன்டைனிற் கரைத்து மெல்லெனத் தேய்த்தலே பழைய முறை. வார்ணிஷ் இல்லாத மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பொருந்தும். அவ்வெண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிதல் பேராபத்து. அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து வெளியே உலர்த்துக, அல்லது நீரில் அமிழ்த்துக. இக்காலத்துப் பொலியூரித்தேன் பூச்சுள்ள தளத்துக்கு மெழுகு வேண்டா. அது வழுக்குவதோடு, மறுபூச்சையும் ஒட்டவிடாது. பூச்சு நலமாயுள்ளதா என்றறிய ஒரு துளி நீரை விட்டுப் பாருங்கள். முத்துப்போல் நின்றாற் குறையில்லை. சில நிமிடத்தில் உறிஞ்சப்பட்டு மரம் கருகித் தோன்றின், மறுபூச்சுக்குக் காலம் வந்ததென்க.

சோழகக் காலத்திற் பலகைகளிடையே மெல்லிய இடைவெளி தோன்றின் அஞ்சற்க. வாடையோடு அது மூடிக்கொள்ளும். அப்போது இறுகும் சாந்தை அதில் திணித்துவிட்டால், மாரியில் விரிய இடமின்றிப் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கிக் கிளம்பும். ஆண்டுக்கு ஒருமுறை, மாரி தொடங்குமுன், கூரை ஒழுக்கையும், தளத்தைத் தாங்கும் தீராந்திகள் சுவரிற் புகும் இடத்தையும் நோக்குக. மண்புற்றுக் கோடு சுவரில் ஏறியிருந்தாலோ, தட்டும்போது பொள்ளென ஒலித்தாலோ அது கறையானின் வரவு. குத்துவிளக்கின் கீழ் ஒரு தட்டமும், கோலத்துக்கு ஒரு தனிப்பலகையும் இருப்பின் எண்ணெய்க் கறையும் மாவின் ஈரமும் தளத்தை அணுகா.

பிறநாட்டார் வழக்கமும் இங்கு நோக்கத்தக்கது. யப்பானியப் பாடசாலைகளில் மாணவரே வகுப்பறைகளையும் நடைகளையும் பிழிந்த துணியாற் குனிந்து துடைக்கின்றனர். ஆசிரியத் தொழில் புரியும் எமக்கு அது பெரிதும் உவப்பளிக்கும் செய்தி. பிலிப்பைன்ஸ் நாட்டிலோ தேங்காய் மட்டையைப் பாதியாக வெட்டிக் காலின்கீழ் வைத்துத் தேய்த்தே பலகைத் தளத்தை மினுக்குவர். அதனைப் ‘பூனோட்’ என்பர். தென்னை மலிந்த நம் நாட்டில் இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

செருப்பை வாயிலிற் கழற்றி வைக்கும் நம் வழக்கத்தைவிடப் பலகைத் தளத்துக்குச் சிறந்த காவல் வேறில்லை. அதே வீட்டில், அதே பக்தியோடு வார்க்கும் வாளித் தண்ணீரே அதற்குக் கேடு விளைக்கின்றது. இரண்டும் துப்புரவு கருதியே தோன்றியவை; எனினும், எந்தத் தரைக்கு எது தகும் என ஆராய்ந்து கொள்ளல் நம் கடன். வெள்ளியின் தூய்மை நீரின் அளவில் தங்கியிருப்பதாக எமக்குத் தோன்றவில்லை. வருகின்ற வெள்ளிக்கிழமை, மரத்தளமுள்ள வீட்டார் வாளியை முற்றத்தோடு நிறுத்தி, பிழிந்த துணி ஒன்றோடு மேலே ஏறுவாராக. பாட்டன் நடந்த பலகையிற் பேரனும் நடக்க அது போதுமானது.