கைபேசி அலையும் மனிதர் மூளையும்

கைபேசியிலிருந்து எழும் மின்காந்த அலைகள் மூளையைத் தாக்கி, ஞாபகசக்தியையும் புத்திக்கூர்மையையும் மழுங்கச் செய்கின்றன என்னும் பேச்சு நம் ஜனங்களிடையே நெடுநாளாக உலவி வருகிறது. அதை நம்புவோர் பலர். ஆதாரம் என்னவென்று விசாரிப்போர் மிகச் சிலர்.

ஆதாரமென்று அடிக்கடி எடுத்துக் காட்டப்படுவது, 2011ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த பரிசோதனை. நோரா வோல்கோ என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும், தேகாரோக்கியமுள்ள 47 பேருடைய இரு காதுகளிலும் கைபேசிகளை வைத்துச் சோதித்தனர். ஒரு நாள் வலக்காதுக் கருவி 50 நிமிஷம் ஓசையின்றி இயங்கியது. மற்றொரு நாள் இரண்டும் அணைந்திருந்தன. இயங்கிய நாளில், கருவியின் ஏரியலுக்கு அருகேயுள்ள மூளைப்பகுதி சர்க்கரைச் சத்தைச் சுமார் 7 சதவிகிதம் அதிகமாகச் செலவிட்டது. இதன் பலன் தீதா நன்றா என்பது தெரியவில்லையென்று அவர்களே எழுதினார்கள். செய்தியைப் பரப்பியவர்கள் அந்த வாக்கியத்தைத்தான் விட்டுவிட்டார்கள்! கணக்குப் போடும்போதும் சங்கீதம் கேட்கும்போதுங்கூட மூளையின் சில பகுதிகள் சர்க்கரையை அதிகமாகச் செலவிடுகின்றன. அதற்காக எவரும் பயப்படுவதில்லை.

உறக்கத்துக்கு முன் இவ்வலைகளுக்கு உட்பட்டவர்களின் மூளை மின்துடிப்பில் சிறு மாறுதல்கள் பல சோதனைகளில் தென்பட்டதும் மெய்யே. ஆனால் ஞாபகம், கவனம், விடையளிக்கும் வேகம் இவற்றை அளந்த சோதனைகளில், மீண்டும் மீண்டும் ஒரே விதமாகக் காணப்படும் குறைவு எதுவும் வெளிப்படவில்லை. மூளையில் ஒரு மாறுதல் நேர்வது வேறு. சிந்தனை கெடுவது வேறு. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கிளை 2011இல் இவ்வலைகளை ‘ஒருகால் புற்றுநோய் விளைவிக்கக் கூடியவை’ என்ற வகுப்பில் சேர்த்ததையும் சிலர் இங்கே இழுக்கிறார்கள். அது புத்தியைப் பற்றிய தீர்ப்பேயன்று.

குழந்தைகள் விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டுமென்பதை நாம் மறுக்கவில்லை. நீண்ட காலப் பழக்கத்தின் விளைவை 50 நிமிஷச் சோதனை சொல்லிவிடாது. கருவியைக் காதினின்று சற்றே அகற்றிப் பேசுவது செலவில்லாத காப்பு. உடல் ஏற்கும் அலையின் அளவு கிலோ ஒன்றுக்கு 1.6 வாட்டுக்கு மேற்படலாகாதென்று 2012 முதல் நம் நாட்டில் விதி உண்டு. ஒரு கருவியின் அளவு என்னவென்று வாங்குவோருக்குத் தமிழில், பெட்டியின் மேலேயே, விளங்கும்படி அச்சிட்டுக் கொடுத்தால் என்ன?

இந்தப் பீதியில் லாபமடைவோர் ‘கதிர் தடுக்கும்’ ஒட்டுவில்லை விற்கும் வியாபாரிகளே. வில்லை உண்மையிலேயே அலையைத் தடுத்தால், கோபுரத்தை எட்டுவதற்காகக் கருவி முன்னிலும் அதிக பலத்துடன் அலையை வீசும். தடுக்காவிட்டால் காசு நஷ்டம். பிள்ளையின் புத்தி கெடுமென்று அஞ்சி அந்த வில்லையை வாங்கி ஒட்டிய தகப்பனாரை நாம் அறிவோம். அதே கைபேசியோடு அப்பிள்ளை இரவு ஒரு மணி வரை விழித்திருக்கிறான். தகப்பனாருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.