எஞ்சினின் உணவும் அதன் மருத்துவரும்

வண்டியின் ஓட்டம் எஞ்சினைப் பொறுத்தது என்பது யாவரும் அறிந்ததே. அவ்வெஞ்சினின் நலமோ அதற்கு ஊட்டப்பெறும் எரிபொருளின் அளவைப் பொறுத்தது. ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய, எடைக்கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் மிகுமாயின் கரும்புகையும் கார்பன் மானாக்ஸைடு என்னும் நச்சுவாயுவும் தோன்றும். குறையுமாயின் எஞ்சின் வலியிழந்து தடுமாறும். இவ்வளவைக் காக்கும் கருவி அண்மையில் அடைந்த மாறுதலையும், அதனால் நம் நாட்டுத் தொழிலாளர்க்கு நேர்ந்துள்ள இடரையும் எடுத்துரைப்பதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

நெடுங்காலம் இப்பணியைச் செய்துவந்தது கார்புரேட்டர். பிஸ்டன் கீழிறங்குங்கால் காற்று விரைந்து உட்புகும். அது செல்லும் குழாய் ஓரிடத்தில் இடுப்புப்போல் ஒடுங்கியிருக்கும். அங்கே காற்றின் வேகம் மிகும், அழுத்தம் குறையும். குறையவே, பக்கத்துக் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் ஜெட் என்னும் நுண்துளை வழியே வெளிப்பட்டுத் துளிகளாய்ச் சிதறிக் காற்றோடு கலக்கும். கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் உயர்ந்தால், மிதவையும் உயர்ந்து ஊசியால் வழியை அடைக்கும், தாழ்ந்தால் திறக்கும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பச் சோக்கை இழுத்தால், காற்று குறைந்து பெட்ரோல் மிகும். கண்ணாற் கண்டும் கையாற் கழற்றியும் அறியத்தக்க எளிய கருவி இது. சாலையோர ஒர்க்ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்த இளைஞன், ஜெட்டில் அடைத்த தூசியை ஊதித் துடைத்தே தொழில் கற்றான். பள்ளியில் நெடுநாள் பயிலாத பலருக்கு அத்தொழில் சோறிட்டது.

எனினும் கார்புரேட்டர் எந்நிலையிலும் துல்லியமாக அளக்கவல்லதன்று. புகையின் நச்சை மாற்றும் காட்டலிடிக் கன்வெர்ட்டரோ, அளவு பிறழாதிருந்தாலன்றிச் செவ்வனே தொழிற்படாது. ஆதலின், 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் 'பாரத் ஸ்டேஜ் 6' என்னும் விதி நம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது, புதிய இருசக்கர வண்டிகளிற் பெரும்பாலானவை கார்புரேட்டரைக் கைவிட்டன. அவற்றில், டேங்கினுள் உள்ள மின்பம்பு பெட்ரோலை அழுத்தத்தோடு அனுப்பும். பில்டர் அழுக்கை நீக்கும். மின்காந்தத்தால் திறக்கும் இஞ்செக்டர், ஒரு நொடியின் ஆயிரத்திற் சில பங்கு நேரமே திறந்து அதனைத் தெளிக்கும். உட்புகும் காற்று, எஞ்சினின் வெப்பம், வெளிச்செல்லும் புகையில் எஞ்சிய பிராணவாயு ஆகியவற்றைச் சென்சார்கள் அறிவிக்க, ஒரு சிறு கம்ப்யூட்டர் அந்நேரத்தைக் கணக்கிடும்.

இம்மாறுதல் நன்றே. நகரத்துக் காற்றைச் சுவாசிக்கும் எவரும் பழைய புகையை விரும்பார். ஆயினும் பழுதின் காரணம் இப்பொழுது கண்ணுக்குப் புலப்படுவதில்லை; அக்கம்ப்யூட்டர் அதனைக் குறியீடாக எழுதிவைக்கிறது. பொதுவான குறியீடுகளைப் படிக்கும் கருவி கடைவீதியிற் கிடைப்பினும், நிறுவனங்கள் தமக்கெனக் கொண்ட குறியீடுகளின் பொருள் வெளியாருக்கு எளிதில் எட்டுவதில்லை. உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராது தடுத்தமைக்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014-ஆம் ஆண்டில் 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தது. அவ்வழக்கு மேல்முறையீட்டுக்கும் சென்றது.

அறியாதார் கைப்பட்டால் வண்டி கெடும், புகை மிகும் என நிறுவனங்கள் சார்பிற் கூறுவாருளர். அக்கூற்று முற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் குறியீட்டைப் படித்தல் வேறு. கம்ப்யூட்டரின் கணக்கையே மாற்றுதல் வேறு. பின்னதைக் காத்தல் முறை. முன்னதை மறைத்தல் முறையன்று. நோயின் பெயரே அறியாத மருத்துவன்தான் கைபோனவாறு மருந்திடுவான். பழுதின் காரணம் அறியாத மெக்கானிக்கும் நல்ல சென்சாரைக் கழற்றி எறிந்து, புதியதொன்றை வாங்கச் சொல்லுவான். அச்செலவைச் சுமப்பவர் அவ்வண்டியை நம்பிப் பிழைக்கும் எளியோரே.

அமெரிக்காவின் மாஸச்சூஸெட்ஸ் மாநிலத்தில், சோதனைக் குறிப்புகளைத் தனி ஒர்க்ஷாப்புகளுக்கும் விற்றாகவேண்டும் என்னும் சட்டத்தை 2012-ஆம் ஆண்டில் மக்களே வாக்களித்து ஏற்றனர். நம் மத்திய அரசு 2022-ஆம் ஆண்டில் பழுதுபார்க்கும் உரிமை பற்றிய குழுவொன்றை நியமித்து, அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளத்தையும் தொடங்கிற்று. இது நல்ல தொடக்கமே. ஆயினும் சட்டத்தின் வலிமை இதற்கு வேண்டும். விற்பனையாகும் ஒவ்வொரு வண்டியின் குறியீட்டு விளக்கமும் நாட்டு மொழிகளில் வெளியிடப்படல் வேண்டும் என்பது எம் கருத்து.

அதுகாறும் நாம் வாளா இருத்தல் தகாது. கல்லூரிகளில் பௌதிகம் பயில்வோர், விடுமுறை நாட்களில் தம்மூர் மெக்கானிக்குகளைக் கூட்டி, சென்சாரின் இயல்பையும் மின்னளவு பார்க்கும் முறையையும் எளிய தமிழிற் கற்பிக்கலாம். அவர்தம் அனுபவத்தால் நாம் கற்கவேண்டுவதும் மிகுதி. இத்தொண்டு ஒரு விடுமுறைக்கேனும் நடைபெறுமாயின், ஏட்டிற் கண்ட கல்வி நாட்டிற்குப் பயன்பட்டதாகும்.